ரிவர் பிளேட் இரண்டாம் டிவிஷனில் ஆடிய ஆண்டு: 2011–12 பிரிமேரா பி நசியோனால்

"ரிவர் பிளேட் 2011-இல் அர்ஜென்டினாவின் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது, அடுத்த ஆண்டே சாம்பியனாகி மேலே வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கிளப்புக்கு அது எளிய வேலையாகத்தானே இருந்திருக்கும்? அந்தப் பருவத்தைப் பற்றி இன்றுவரை பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் தகவல்கள் சரியானவை. ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. புவெனஸ் அயர்ஸின் கால்பந்துக் கிளப்பான ரிவர் அந்தப் பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடி, 20-இல் வென்று, 13-இல் சமன் செய்து, 5-இல் தோற்று, 73 புள்ளிகளோடு முடித்தது. இரண்டாமிடம் வந்த கில்மெஸ் அணிக்கு 72 புள்ளிகள். கடைசிச் சுற்று தொடங்கும்போது ரிவர், கில்மெஸ், இன்ஸ்டிடூட்டோ, ரோசாரியோ சென்ட்ரல் ஆகிய நான்கு அணிகளுக்கும் நேரடியாக மேலேறும் வாய்ப்பு இருந்தது. அந்த நாளில் ரிவர் சறுக்கியிருந்தால், ஓராண்டுக்கு முன் தன்னை வீழ்த்திய அதே தகுதிச் சுற்றை அது மறுபடியும், இந்த முறை கீழேயிருந்து, சந்திக்க நேர்ந்திருக்கலாம். பத்து மாதம் ஆடிய ஒரு லீக் ஒரு பிற்பகலில் முடிவானது என்றால் அதை எளிய வேலை என்று சொல்லிவிட முடியாது. அதைவிட முக்கியமாக, அந்தப் பருவத்தை ரிவரின் கதையாக மட்டும் சொல்வதும் போதாது என்பது என் எண்ணம். அந்தப் பட்டியலில் மேலும் 19 அணிகள் இருந்தன. அவற்றில் சிலவற்றின் கதை ரிவருடையதைவிடக் கனமானது.

முதலில், ரிவர் எப்படி இறங்கியது என்பதைத் தெளிவாக்க வேண்டும்; அங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரே ஆண்டு மோசமாக ஆடியதால் ரிவர் இறங்கவில்லை. அன்றைய அர்ஜென்டினாவில் யார் கீழே போவது என்பதை அந்த ஆண்டின் புள்ளிப்பட்டியல் தீர்மானிக்காது. 'புரொமெதியோ' எனப்படும் சராசரி தீர்மானிக்கும். ஒரு கிளப் மூன்று பருவங்களில் எடுத்த மொத்தப் புள்ளிகளை, அந்த மூன்று பருவங்களில் ஆடிய மொத்த ஆட்டங்களால் வகுப்பார்கள். சராசரிப் பட்டியலின் கடைசி இரண்டு அணிகள் நேரடியாக இறங்கும். அவற்றுக்கு மேலே உள்ள இரண்டு அணிகள், கீழ் டிவிஷனில் மூன்றாம் நான்காம் இடம் வந்த அணிகளோடு 'புரொமோசியோன்' என்ற இரு ஆட்டத் தகுதிச் சுற்றில் மோதும்.

ரிவர் 2008–09 பருவத்தில் 41 புள்ளிகளும், 2009–10 பருவத்தில் 43 புள்ளிகளும், 2010–11 பருவத்தில் 57 புள்ளிகளும் எடுத்தது. மொத்தம் 114 ஆட்டங்களில் 141 புள்ளிகள், சராசரி 1.236. கடைசி ஆண்டின் 57 புள்ளிகளை மட்டும் பார்த்தால், அந்த ஆண்டில் ரிவர் பட்டியலின் மேல்பாதியில் இருக்கவேண்டிய அணி. அதை இழுத்துச் சென்றவை முதல் இரண்டு ஆண்டுகள். 2008-இன் முற்பாதியில் தியேகோ சிமியோனே பயிற்சியில் கிளௌசுரா என்ற அரையாண்டு லீக் பட்டத்தை வென்ற ரிவர், அதே ஆண்டின் பிற்பாதியில் நடந்த அபெர்டுரா என்ற அரையாண்டுத் தொடரில் 14 புள்ளிகளோடு கடைசி இடம் வந்தது. சாம்பியனாக இருந்து ஆறே மாதத்தில் கடைசி இடம்! அன்று அது தற்காலிகச் சரிவு என்று கருதப்பட்டது. ஆனால் சராசரிக் கணக்கு எதையும் மறக்காது. அந்த 14 புள்ளிகள் இரண்டரை ஆண்டு கழித்து வட்டியோடு வந்து நின்றன. நிர்வாகச் சீர்கேடும், கடனும், வளர்ந்துவரும் இளைஞர்களை அவசர அவசரமாக ஐரோப்பாவுக்கு விற்ற வழக்கமும் அதற்குப் பின்னால் இருந்தன.

இந்த விதி 1983-இல் மறுபடி வந்தது. அந்த ஆண்டு முதல் டிவிஷனில் 19 அணிகள் ஆடின. ரிவர் 18-ஆம் இடம் வந்தது. பழைய முறையே நீடித்திருந்தால் ரிவர் அன்றே இறங்கியிருக்கும். மறுபடி வந்த சராசரி முறை ரிவரைக் காப்பாற்றியது. ராசிங் கிளப் இறங்கியது. பெரிய கிளப்புகளுக்குக் கேடயமாகக் கருதப்பட்ட அந்த விதியே 28 ஆண்டுகளுக்குப் பின் ரிவரின் கழுத்தைப் பிடித்தது. அர்ஜென்டினா ரசிகர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் எப்போதும் சேர்த்தே சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

தகுதிச் சுற்றில் ரிவருக்கு எதிராக வந்தது கோர்டோபா நகரின் பெல்கிரானோ. 2011 ஜூன் 22 அன்று கோர்டோபாவில் நடந்த முதல் ஆட்டத்தில் மான்சனெல்லி பெனால்டியில் ஒன்றும், செசார் பெரெய்ரா ஒன்றுமாகக் கோல் அடிக்க, பெல்கிரானோ 2–0 என வென்றது. மேல் டிவிஷன் அணிக்கு அந்தச் சுற்றில் ஒரு சலுகை உண்டு: இரு ஆட்டங்களையும் சேர்த்துக் கோல் கணக்கு சமனானால் மேலே இருக்கும் அணி மேலேயே இருக்கும். ஆகவே ஜூன் 26 அன்று தன் சொந்த மோனுமென்டல் மைதானத்தில் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றாலே ரிவருக்குப் போதும். தொடக்க நிமிடங்களிலேயே மரியானோ பவோனே கோல் அடித்தார். இன்னும் ஒரே கோல்தான் தேவை. இரண்டாம் பாதியில் கில்லெர்மோ ஃபர்ரே பெல்கிரானோவுக்காக அடித்த கோல் அரங்கத்தையே உறையவைத்தது. அதன் பின் ரிவருக்குக் கிடைத்த பெனால்டியைப் பவோனே அடிக்க, கோல்கீப்பர் ஹுவான் கார்லோஸ் ஒலாவே தடுத்தார். முழு நேரம் முடியும் முன்பே பார்வையாளர் மாடங்களிலிருந்து பொருள்கள் பறந்துவர, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். கணக்கு 1–1, மொத்தம் 1–3. 1901-இல் தொடங்கிய கிளப், 110 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக இறங்கியது. அன்று கிளப்பின் தலைவராக இருந்தவர் தானியேல் பசாரெல்லா. 1978 உலகக் கோப்பையை அர்ஜென்டினா அணியின் தலைவராகக் கையில் ஏந்தியவர், அதே மோனுமென்டல் மைதானத்தில்.

ஃபர்ரேயின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவார்.

இறங்கிய சில வாரங்களிலேயே ஒரு முயற்சி நடந்தது. முதல் டிவிஷனையும் இரண்டாம் டிவிஷனையும் கலந்து 38 அணிகள் கொண்ட ஒரே பெருந்தொடராக மாற்றலாம் என்ற திட்டம், ஹூலியோ கிரொன்டோனா தலைமையிலிருந்த அர்ஜென்டினக் கால்பந்துச் சங்கத்திலிருந்து 2011 ஜூலையில் வெளிவந்தது. ரிவரைக் கொல்லைப்புற வழியாக மேலே கொண்டுவரும் ஏற்பாடாகவே நாடு அதைப் பார்த்தது. எதிர்ப்பு வலுக்கவே திட்டம் கைவிடப்பட்டது. ரிவரின் ரசிகர்களிலேயே பலர் அதை விரும்பவில்லை. ஆடி இறங்கியதை ஆடியே மீட்க வேண்டும் என்ற அந்த மனநிலை, அடுத்த ஆண்டு முழுவதும் மோனுமென்டல் நிரம்பியதற்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ரிவர் வந்து சேர்ந்த லீக் எப்படிப்பட்டது? பிரிமேரா பி நசியோனால் 1986-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் அர்ஜென்டினாவின் இரண்டாம் டிவிஷன் என்பது பெரும்பாலும் புவெனஸ் அயர்ஸையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த கிளப்புகளின் தொடராகவே இருந்தது. உள்மாகாணக் கிளப்புகளுக்கும் நாடு தழுவிய ஏணியில் ஒரு படி வேண்டும் என்பதற்காகவே புதிய லீக் வந்தது. 2011–12-இலும் அதன் இரட்டைப் பிறப்பின் தடம் தெரிந்தது: அன்றைய ஏற்பாட்டில், இங்கிருந்து இறங்கும் தலைநகர வட்டார அணி மூன்றாம் நிலையிலிருந்த பிரிமேரா பி தொடருக்குப் போகும்; உள்மாகாண அணி அர்ஜென்டினோ ஆ தொடருக்குப் போகும். கீழே இரண்டு வாசல்கள்.

2011–12-இன் 20 அணிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த லீக்கின் அளவு விளங்கும். வடமேற்கு மூலையில் பொலிவியா எல்லைக்கு அருகே ஹிம்னாசியா டி ஹுஹுய், டுகுமானில் அத்லெட்டிகோ, ஆண்டிஸ் மலையடிவாரத்தில் மெண்டோசாவின் இன்டிபென்டியென்டே ரிவதாவியா, சான் ஹுவானின் டெசம்பராடோஸ், பரானா ஆற்றங்கரைகளில் கொரியென்டெஸின் போகா உனிதோஸ், பரானா நகரின் பத்ரோனாதோ, அட்லாண்டிக் கரையில் மார் டெல் பிளாதாவின் அல்தோசிவி, தெற்கே படகோனியாவில், திமிங்கிலம் பார்க்க மக்கள் போகும் புவெர்டோ மத்ரின் ஊரின் கில்லெர்மோ பிரவுன். ஹுஹுயிலிருந்து புவெர்டோ மத்ரினுக்கு வழி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். முதல் டிவிஷனில் ரிவரின் 'வெளியூர்' ஆட்டங்களில் பல, தலைநகரின் வேறொரு பேட்டைக்குப் போவதுதான். அவெசாநெடாவோ லனூஸோ, போனால் அன்று மாலையே வீடு திரும்பிவிடலாம். இங்கே விமானம், பேருந்து, பழக்கமில்லாத புல்தரை, வேறு தட்பவெப்பம், வேறு உயரம்.

மேலும், அந்த ஆண்டின் இரண்டாம் டிவிஷன் வெறும் சிறு கிளப்புகளின் கூட்டமும் அல்ல. நான் எண்ணிப் பார்த்ததில், முதல் டிவிஷன் பட்டத்தை எப்போதாவது வென்ற கிளப்புகள் அதில் ஏழு இருந்தன: ரிவர், 1978-இன் சாம்பியன் கில்மெஸ், செசார் லூயிஸ் மெனோட்டியின் பயிற்சியில் 1973-இல் வென்ற ஹுராகான், பலமுறை வென்ற ரோசாரியோ சென்ட்ரல், 1969 இறுதியில் ரிவரையே 4–1 என வீழ்த்திப் பட்டம் எடுத்த சகாரிதா, கார்லோஸ் கிரிகோலின் ஃபெர்ரோ, 1982-இலும் 1984-இலும், 1929-இல் வென்ற லா பிளாதாவின் ஹிம்னாசியா. முந்தைய ஆண்டு முதல் டிவிஷனிலிருந்து ரிவரோடு சேர்ந்து கில்மெஸ், ஹுராகான், ஹிம்னாசியா ஆகிய மூன்றும் இறங்கியிருந்தன. இப்படிப்பட்ட கூட்டத்தில் நேரடியாக மேலேற இரண்டே இடங்கள்.

ரிவரின் ஏற்பாடுகளுக்கு வருவோம். இறங்கிய அணியின் நடுக்கள வீரராக இருந்த மத்தியாஸ் அல்மெய்தா, உடனே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று அதே அணியின் பயிற்சியாளரானார். 1996-இல் தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபெர்டதோரெஸ் கோப்பை வென்ற ரிவர் அணியில் ஆடியவர். பயிற்சியாளராக ஒரு நாள் அனுபவம்கூட இல்லை. எரிக் லமேலா ரோமாவுக்கு விற்கப்பட்டார். கிளப்பில் வளர்ந்து ஐரோப்பா போயிருந்த ஃபெர்னாண்டோ கவெனாகியும் அலெஹாந்த்ரோ 'சோரி' டொமிங்கஸும் இரண்டாம் டிவிஷன் என்று தெரிந்தே திரும்பி வந்தார்கள். உருகுவே நாட்டின் கார்லோஸ் சாஞ்செஸ் வந்தார். பருவத்தின் பாதியில், 2012 ஜனவரியில், சரகோசாவிலிருந்து லியோனார்டோ பொன்சியோ திரும்பினார். கூடவே தவீத் ட்ரெசகே வந்தார். 1998-இல் பிரான்சுக்காக உலகக் கோப்பை வென்று, 2000 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் தங்கக் கோல் அடித்த அந்த ட்ரெசகேதான். பிறந்தது பிரான்சில் என்றாலும் வளர்ந்தது புவெனஸ் அயர்ஸில், ரிவர் ரசிகராக. அவர்களோடு 17 வயது லூகாஸ் ஒகாம்போஸ், ரமீரோ ஃபூனெஸ் மோரி, ஹெர்மான் பெஸ்ஸெயா போன்ற இளைஞர்கள்.

பெயர்களைப் படித்தால் இந்த அணி லீக்கை ஊதித் தள்ளியிருக்க வேண்டும் என்று தோன்றும். ஏன் அப்படி நடக்கவில்லை? அந்த 13 சமன்களில் விடை இருக்கிறது; ஆடிய ஆட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ரிவரோடு ஆடுவது என்பது அந்த லீக்கின் பல கிளப்புகளுக்கு அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பு. உள்மாகாண ஊருக்கு ரிவர் வந்தால் அது ஊர்த் திருவிழா. டிக்கெட் வருமானம் ஆண்டு முழுவதுக்கும் உதவும். அரசு ஏற்பாட்டில் இலவசத் தொலைக்காட்சி ஒளிபரப்பு இருந்ததால் நாடே பார்க்கும். அந்த ஒரு நாளில் ஒவ்வொரு வீரரும் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆட வருகிறார். பெனால்டி கட்டத்துக்கு முன்னால் பத்துப் பேர் நின்று தடுத்து, கிடைக்கும் ஒரு ஃப்ரீ கிக்கிலோ கார்னரிலோ கோல் தேடும் அணிகளை உடைக்கப் பொறுமை வேண்டும். மோனுமென்டலில் அமர்ந்திருந்த அறுபதாயிரம் பேரிடம் அந்தப் பொறுமை இல்லை, இருக்கவும் நியாயமில்லை. இருபது நிமிடத்தில் கோல் விழாவிட்டால் முணுமுணுப்பு தொடங்கும், வீரர்களின் கால் தடுமாறும், பந்து உயரே பறக்கத் தொடங்கும். அல்மெய்தா பெரும்பாலும் கவெனாகி, டொமிங்கஸ், ட்ரெசகே போன்ற தாக்குதல்காரர்களைச் சேர்த்தே களமிறக்கினார்; அதனால் கோல் வந்தது, நடுக்களம் திறந்தும் கிடந்தது. கவெனாகி பருவம் முழுவதும் 19 கோல் அடித்தார். ட்ரெசகே பாதிப் பருவத்தில் மட்டும் 13. இந்த இருவரும் இல்லாமல் ரிவர் மேலேறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. பருவத்தின் இறுதிச் சுற்றுகளில், பத்ரோனாதோ 1–0 என ரிவரைத் தோற்கடித்து மொத்தக் கணக்கையும் மறுபடி திறந்துவிட்டது.

இப்போது மற்றவர்களைப் பற்றி. என் பார்வையில் அந்தப் பருவத்தின் மிக அழகிய கால்பந்தை ஆடியது கோர்டோபாவின் இன்ஸ்டிடூட்டோ. மரியோ கெம்பெஸும் ஒஸ்வால்டோ அர்திலெஸும் ஆடத் தொடங்கிய கிளப் அது. டாரியோ ஃபிராங்கோ பயிற்சியாளர். குறைந்த பணத்தில், இளைஞர்களை நம்பி, பந்தைத் தரையில் உருட்டி விளையாடிய அந்த அணி பல வாரங்கள் ரிவருக்கு மேலே நின்றது. லகூனா லார்கா என்ற சிற்றூரிலிருந்து வந்து கிளப் விடுதியில் தங்கியிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவனை ஃபிராங்கோ 2011 ஆகஸ்டில் களமிறக்கினார். அவன் அந்தப் பருவத்தின் 38 ஆட்டங்களிலும் ஆடி 17 கோல் அடித்தான். கிளப்பின் மிக இளவயதுக் கோல்காரர் என்ற கெம்பெஸின் சாதனையும் அவனிடம் வந்தது. பெயர் பவுலோ டிபாலா. ஓராண்டு முடிவதற்குள் இத்தாலியின் பலெர்மோ அவனை வாங்கிக்கொண்டது. ரிவரைப் பார்ப்பதற்காக இரண்டாம் டிவிஷன் பக்கம் திரும்பிய கண்கள் பல, டிபாலாவையும் பார்த்தன. அந்த ஆண்டு ரிவர் இல்லாதிருந்தால் அவன் வெளியுலகுக்குத் தெரிவது இன்னும் சில காலம் தள்ளிப்போயிருக்கலாம்.

ரோசாரியோ சென்ட்ரலைப் பொறுத்தவரை, அது ஒரு வகையில் ரிவருக்கு முன்னே அதே பள்ளத்தில் விழுந்த அணி. 2010-இல் இதே புரொமோசியோன் சுற்றில் ஆல் பாய்ஸ் அணியிடம் தோற்று இறங்கியது. முதல் ஆண்டில் மேலேற முடியவில்லை. பெரிய கிளப் என்றால் ஓராண்டில் திரும்பிவிடும் என்ற எண்ணத்துக்கு எதிராக, ரிவரின் கண்ணெதிரிலேயே இருந்த சான்று அது. ஹுவான் அந்தோனியோ பிட்சியின் பயிற்சியில் இரண்டாம் ஆண்டை ஆடிய சென்ட்ரலில்தான் லீக்கின் அதிகக் கோல்காரர் இருந்தார்: கொன்சாலோ கஸ்தியெஹோஸ், 26 கோல். கவெனாகியும் ட்ரெசகேயும் டிபாலாவும் இருந்த லீக்கில் கோல் பட்டியலின் முதலிடம் அவருக்கே. அவருடைய பெயர் இன்று அதிகம் சொல்லப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தமே.

கில்மெஸ் நிதானமாகப் புள்ளி சேர்த்த அணி. பருவத்தின் நடுவே பயிற்சியாளர் ரிகார்டோ கருசோ லொம்பார்டி விலகி, முதல் டிவிஷனில் தத்தளித்துக்கொண்டிருந்த சான் லொரென்சோவுக்குப் போனார். அவரிடத்தில் வந்தவர் ஒமர் டெ ஃபெலிப்பே, மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போரில் களத்தில் நின்றவர். இந்த மாற்றம் பின்னால் இன்ஸ்டிடூட்டோவின் தலையெழுத்தையும் தொட்டது.

2012 ஜூன் 23. மோனுமென்டலில் ரிவருக்கு எதிராக அல்மிரான்டே பிரவுன். ட்ரெசகே இரண்டு கோல் அடித்தார், ரிவர் 2–0. கில்மெஸும் தன் ஆட்டத்தை வென்றது. இன்ஸ்டிடூட்டோ ஃபெர்ரோவிடம் தோற்றது. ரிவர் சாம்பியன், கில்மெஸ் இரண்டாமிடம், இன்ஸ்டிடூட்டோ மூன்றாமிடம், சென்ட்ரல் நான்காமிடம். பருவத்தின் பெரும்பகுதி மேலே நின்ற அணி ஒரே பிற்பகலில் நேரடி வாய்ப்பை இழந்தது. மோனுமென்டலில் அன்று அழுதவர்களின் படங்கள் ஓராண்டுக்கு முன் அழுதவர்களின் படங்களோடு சேர்த்து வெளியிடப்பட்டன. கோர்டோபாவில் அழுதவர்களை அவ்வளவாக யாரும் படமெடுக்கவில்லை.

மூன்றாம் நான்காம் இடத்தவர் புரொமோசியோனுக்குப் போனார்கள். இன்ஸ்டிடூட்டோவுக்கு எதிராக வந்தது சான் லொரென்சோ. பயிற்சியாளர், சில மாதம் முன்பு வரை கில்மெஸில் இருந்து இன்ஸ்டிடூட்டோவோடு போட்டியிட்டுக்கொண்டிருந்த அதே கருசோ லொம்பார்டி. கோர்டோபாவில் சான் லொரென்சோ 2–0 என வென்றது. புவெனஸ் அயர்ஸில் 1–1. கதவு மூடியது. சென்ட்ரலுக்கு எதிராகச் சான் ஹுவானின் சான் மார்டின். இரு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட விழவில்லை; மேலே இருப்பவருக்கான சலுகையால் சான் மார்டின் தங்கியது. தோற்காமலே, கோல் வாங்காமலே, சென்ட்ரல் இன்னோர் ஆண்டு கீழே இருந்தது. அந்தத் தகுதிச் சுற்று அதன் பின் ஒழிக்கப்பட்டு, அடுத்த பருவத்தில் மூன்று அணிகளுக்கு நேரடி இடம் தரப்பட்டது. அந்த விதி ஓராண்டு முன்னே வந்திருந்தால் இன்ஸ்டிடூட்டோ ரிவரோடு சேர்ந்தே மேலேறியிருக்கும்.

இப்பருவம் ரிவருக்கு என்ன செய்தது என்பதைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. அது கிளப்பைச் சுத்தப்படுத்தியது என்பார் சிலர். நான் அதை முழுதாக ஏற்கமாட்டேன். மேலேறிய உடனேயே, ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் கவெனாகியும் டொமிங்கஸும் அனுப்பப்பட்டார்கள்; இரண்டாம் டிவிஷன் என்று தெரிந்தே ஆட வந்தவர்களுக்கு அது தகுந்த மரியாதை அல்ல என்று ரசிகர்கள் கொதித்தார்கள், அதில் நியாயம் இருந்தது. ஒகாம்போஸ் மொனாக்கோவுக்கு விற்கப்பட்டார். அன்று மொனாக்கோவும் பிரான்சின் இரண்டாம் டிவிஷனில்தான் இருந்தது. அல்மெய்தா 2012 நவம்பரில் நீக்கப்பட்டார். இளைஞர்களை விற்பது, பயிற்சியாளரை மாற்றுவது என்ற பழைய பழக்கங்கள் அப்படியே தொடர்ந்தன. மாற்றம் வந்தது 2013 டிசம்பரில் ரொடோல்ஃபோ டொனோஃப்ரியோ தலைவரான பிறகு. கவெனாகி திரும்ப அழைக்கப்பட்டார். 2014-இல் ரமோன் டியாஸ் பயிற்சியில் லீக் பட்டம் வந்தது. அடுத்து மார்செலோ கயார்தோ வந்தார்.

ஆனால் ஆட்களைப் பொறுத்தவரை அந்தப் பருவத்தின் தடம் ஆழமானது. 2015 ஆகஸ்ட் 5 அன்று மோனுமென்டலில் மெக்சிகோவின் டிக்ரெஸ் அணியை 3–0 என வென்று ரிவர் லிபெர்டதோரெஸ் கோப்பையை எடுத்தபோது, மூன்று கோல்களில் இரண்டை அடித்தவர்கள் கார்லோஸ் சாஞ்செஸும் ரமீரோ ஃபூனெஸ் மோரியும். கோப்பையை அணித் தலைவராக உயர்த்தியவர் கவெனாகி. மூவரும் இரண்டாம் டிவிஷன் ஆண்டின் வீரர்கள். 2018 டிசம்பரில் மாட்ரிட்டில் தன் பரம எதிரியான போகா ஜூனியர்ஸை 3–1 என வென்ற லிபெர்டதோரெஸ் இறுதியில் அணித் தலைவராக ஆடியவர் பொன்சியோ; தடுப்பு வரிசையின் நடுவில் நின்ற ஹொனதான் மைதானா, ரிவர் இறங்கியபோதும் இருந்தவர், கீழே ஆடியபோதும் இருந்தவர். 2011 முதல் போகா ரசிகர்கள் வெள்ளைத் துணியில், இரண்டாம் டிவிஷனைக் குறிக்கும் 'பி' என்று எழுதிய பேய் உருவத்தைத் தூக்கிக்காட்டி ரிவரைச் சீண்டிவந்தார்கள். அந்தச் சீண்டல் இன்றும் ஓயவில்லை.

ரிவருக்கு வெளியேயும் அந்தத் தடத்தைப் பார்க்கலாம். 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரில் அர்ஜென்டினா உலகக் கோப்பை வென்ற இறுதியாட்டத்தில் மாற்று வீரர்களாக இறங்கியவர்களில் மூன்று பேர் 2011–12-இல் இந்த லீக்கில் இருந்தவர்கள்: இன்ஸ்டிடூட்டோவின் டிபாலா, ரிவரின் பெஸ்ஸெயா, ஃபெர்ரோவின் மார்கோஸ் அகுன்யா. பெனால்டி மோதலில் அர்ஜென்டினாவின் இரண்டாவது பெனால்டியை அடித்தவர் டிபாலா. அந்த லீக்கின் மற்றொரு சிறிய கிளப், டெஃபென்சா இ ஹுஸ்தீசியா, பின்னர் முதல் டிவிஷனுக்கு ஏறி தென் அமெரிக்கக் கிளப்புகளின் இரண்டாம் நிலைத் தொடரான சுதமெரிகானா கோப்பையை 2020-ஆம் ஆண்டுக்கு வென்றது.

சென்ட்ரல் 2013-இல் மிகுவேல் ஆங்கெல் ருஸ்ஸோவின் பயிற்சியில் சாம்பியனாக மேலேறியது. அதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. இன்ஸ்டிடூட்டோ அந்தப் பருவத்துக்குப் பின் இன்னும் பத்து ஆண்டுகள் காத்திருந்தது. ஃபிராங்கோவின் அந்த அணி கலைந்தது, டிபாலாவை விற்ற பணம் வந்தது, போனது. கிளப் ஆண்டுக்காண்டு அதே லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. 2022-இல்தான் அது முதல் டிவிஷனுக்குத் திரும்பியது. அதே ஆண்டு அந்த லீக்கின் சாம்பியனாகி மேலேறியது கோர்டோபாவின் இன்னொரு கிளப்பான பெல்கிரானோ; அதன் பயிற்சியாளர், 2011 ஜூனில் மோனுமென்டலில் அந்தக் கோலை அடித்த கில்லெர்மோ ஃபர்ரே.